ரூட் என்னும் துரைத்தனம்: பொதுச் சாவியிலிருந்து பெயர்ச் சீட்டு வரை

பல பேர் ஒரே கணினியைப் பகிர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு தோன்றிய நாளிலிருந்தே, அக்கணினியில் எதையும் செய்யவல்ல ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதும், அவருடைய அதிகாரம் பிறர் கைக்கு எவ்வழியில், எவ்வளவு நேரத்துக்குப் போகலாம் என்பதும் தீராத வழக்காகவே இருந்து வருகின்றன. யூனிக்ஸிலும் அதன் வழிவந்த லினக்ஸ், பிஎஸ்டி முதலிய இயங்குதளங்களிலும் அந்த ஒருவருக்கு ‘ரூட்’ என்று பெயர். கோப்பு ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர், குழு, ஏனையோர் என மூவகை அனுமதி வகுக்கப்பட்ட வரலாற்றைச் சென்ற பகுதி விவரித்தது. அந்த அனுமதிகள் எவையும் செல்லுபடியாகாத கணக்கே ரூட் என்பதால், அப்பகுதியில் கட்டிய வேலி முழுவதையும் இப்பகுதி ஒரே தாண்டில் கடக்க வேண்டியிருக்கிறது.

காப்பாரிலிருந்து ஜெராம் வழியாகக் கோல சிலாங்கூர் செல்லும் கரையோரச் சாலையை அடுத்தும், உட்பகுதியில் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வரையிலும் பரவியிருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. பத்தாங் பெர்ஜுந்தையை ஒட்டிய தெனமாரம் தோட்டத்தில்தான், ஆன்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவைச் செய்தார். இப்பகுதித் தோட்டங்கள் பலவற்றின் உடைமையாளர்கள் இலண்டனிலோ பாரிசிலோ பிரசல்சிலோ இருக்க, அவர்கள் சார்பில் தோட்டத்தை ஆண்டவர் துரை. துரைக்குக் கீழே சின்ன துரை, பெரிய கிராணி, கிராணி, தண்டல், மண்டோர் என அதிகாரம் படிப்படியாக இறங்கி வந்தது. துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கும்படி 1941-இல் கிள்ளான் வட்டார வேலைநிறுத்தக்காரர்கள் கோரிக்கை வைக்க நேர்ந்தது என்பதிலிருந்தே, அந்தத் துரைத்தனம் எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்பது விளங்கும். ரூட் கணக்கு ஏறக்குறைய அப்படிப்பட்டது. ஆனால் தோட்டத்துத் துரைக்கு முகம் உண்டு, ரூட்டுக்கு முகம் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டினால் விளைந்த தொல்லைகளும், அதைச் சரிக்கட்ட ஐம்பது ஆண்டுகளாக நடந்த முயற்சிகளுமே இப்பகுதியின் பொருள்.

மல்டிக்ஸ் என்ற பெருந்திட்டத்திலிருந்து 1969-இல் பெல் ஆய்வகம் விலகிக்கொண்டபின், கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-7 என்ற சிறு கணினியில் தொடங்கிய வேலையே யூனிக்ஸ் ஆயிற்று. அதன் முதல் கையேடு 1971 நவம்பர் 3-ஆம் நாளிட்டு வெளிவந்தது. கணினி மனிதர்களின் பெயரை அறியாது. ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி, அந்த எண்ணைக் கொண்டே அவரை அடையாளம் காணும். அந்த எண் சுழியாக இருந்தால் அவரே ரூட். கருநிரல், அதாவது வன்பொருளுக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவே நின்று அனைத்தையும் நடத்தும் அடிநிரல், ஒரு கோப்பைத் திறக்கக் கோரிக்கை வரும்போது கேட்பவரின் எண்ணைப் பார்க்கிறது. எண் சுழி என்றால் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. கோப்பு அடைவுகள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கும் மரத்தின் அடிப்பகுதிக்கு ‘வேர்’ என்ற பொருளில் ரூட் என்று பெயர் இருந்தது; அந்த வேருக்கு உடையவர் என்பதால் கணக்கும் அப்பெயரைப் பெற்றது என்பர்.

அந்த முதல் கையேட்டிலேயே ‘சு’ என்ற கட்டளை இடம்பெற்றிருக்கிறது. தமது கணக்கில் உள்ள ஒருவர் அதை இட்டு, ரூட்டின் கடவுச்சொல்லையும் சரியாகத் தந்துவிட்டால், அக்கணம் முதல் அவர் ரூட். பிற்காலத்தில் எந்தப் பயனராகவும் மாற அது விரிவுபடுத்தப்பட்டது என்றாலும், தொடக்கத்தில் அதன் வேலை ஒன்றே, தனியுரிமை பெற்ற பயனராக மாறுவது.

சு கட்டளையைக் காட்டிலும் ஆழமான கண்டுபிடிப்பு ஒன்று அதே காலத்தில் ரிச்சியின் கையில் உருவானது. ‘செட்-யூசர்-ஐடி’ என்று சொல்லப்படும் அந்த ஏற்பாட்டை விளங்கிக்கொள்ள, மறைந்திருக்கும் எண்ணை ஊகித்துக் கண்டுபிடிக்கும் ‘மூ’ என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். ரிச்சியும் தாம்சனும் 1974-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலும் அதன் மதிப்பெண் பதிவுச் சிக்கல் குறிப்பிடப்படுகிறது. விளையாடுவோர் ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் ஒரு பொதுக் கோப்பில் ஏற வேண்டும். விளையாடுபவருக்கு அக்கோப்பில் எழுத அனுமதி இல்லையென்றால் மதிப்பெண் ஏறாது. அனுமதி இருந்தால், விளையாடாமலேயே கோப்பைத் திறந்து தமக்கு நூறு என்று போட்டுக்கொள்வார். ரிச்சி இதற்குக் கண்ட தீர்வு, அனுமதியை ஆளுக்குத் தராமல் நிரலுக்குத் தருவது: நிரலின் மீது ஒரு குறியைப் பொறித்துவிட்டால், அந்நிரலை யார் இயக்கினாலும், அது ஓடும் நேரத்தில் மட்டும், நிரலின் உடைமையாளருக்குள்ள அதிகாரத்தோடு ஓடும். விளையாட்டு நிரலால் மதிப்பெண் கோப்பில் எழுத முடியும், விளையாடுபவரால் முடியாது.

இந்தக் குறியை எந்த லினக்ஸ் கணினியிலும் கண்ணால் காணலாம். கடவுச்சொல்லை மாற்றும் நிரலின் அனுமதி வரிசையைப் பட்டியலிட்டுப் பார்த்தால், உடைமையாளர் அதை இயக்கலாம் என்பதைக் காட்டும் ‘எக்ஸ்’ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘எஸ்’ என்ற எழுத்து நிற்கும். கடவுச்சொற்களின் கோப்பு ரூட்டுக்கு உரியது. ஆனால் தம் கடவுச்சொல்லை மாற்றுவதற்காக ஒவ்வொருவரும் நிர்வாகியிடம் போய் நிற்க முடியாது. அந்த ஓர் எழுத்தின் வழியாக, அந்த ஒரு வேலைக்கு மட்டும், அவர் அறியாமலே அவருக்கு ரூட்டின் கை இரவலாகக் கிடைக்கிறது. பெல் ஆய்வகத்தின் சார்பில் 1973 ஜூலையில் இதற்குக் காப்புரிமை கோரப்பட்டு, 1979 ஜனவரியில் ரிச்சியின் பெயரில் வழங்கப்பட்டது. பின்னர் அது பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது. சு கட்டளையும் அடிப்படையில் இக்குறி பெற்ற ஒரு நிரல்தான். இனி வரப்போகும் சூடோவும் அவ்வாறே.

மலேசியாவில் இந்த ஏற்பாடு எப்போது கால் வைத்தது என்று தேடுவோருக்கு 1987 ஒரு நல்ல அடையாளம். 1985-இல் நிறுவப்பட்ட மிமோஸ், அதாவது மலேசிய நுண்மின்னணுக் கழகம், பல்கலைக்கழகக் கணினிகளைத் தொலைபேசிக் கம்பி வழியே இணைத்து ‘ரங்கோம்’ என்ற வலையமைப்பை 1987-இல் தொடங்கியது. யூனிக்ஸிலிருந்து யூனிக்ஸுக்குக் கோப்பு நகலெடுக்கும் யூயூசிபி என்ற நிரல்தொகுதியின் முறையில் அஞ்சல் போய் வந்தது. அத்தொகுதியின் நிரல்கள் செட்-யூசர்-ஐடி குறி பெற்றவை. ஆனால் அவற்றின் உடைமையாளர் ரூட் அல்லர். யூயூசிபி என்ற பெயரிலேயே, கடிதக் கிடங்குக்கும் தொலைபேசி இணைப்புக்கும் மட்டும் உரிமை உள்ள தனிக் கணக்கு ஒன்று அதற்கென வைக்கப்பட்டிருந்தது. அஞ்சல்காரருக்கு அஞ்சல் பையின் சாவி போதும், பங்களாச் சாவி எதற்கு என்ற கணக்கு. 1992-இல் ஜாரிங் என்ற இணையச் சேவையாக இது வளர்ந்த கதை தனிப் பகுதிக்கு உரியது.

இனி சுவின் குறைகளுக்கு வரலாம். ஒரு பல்கலைக்கழகத் துறையில் ஐந்து பேர் கணினியைப் பராமரிக்கிறார்கள் என்றால், ஐவருக்கும் ரூட்டின் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் கடவுச்சொல்லை மாற்றி, மீதி நால்வருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டும். சொல்லும்போது ஒருவர் அதைத் தாளில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் செருகுவார். இதைவிடப் பெரிய குறை, ஒருவர் ரூட்டாக மாறிய பிறகு செய்பவை எல்லாம் ரூட் செய்தவையாகவே பதிவாகும் என்பது. மாறிய நேரமும் மாறியவர் பெயரும் பிற்கால அமைப்புகளில் எழுதப்பட்டன. மாறியபின் அவர் என்ன செய்தார் என்பது எழுதப்படவில்லை. ஸ்டோர் சாவியை யார் வாங்கினார் என்று குறித்துவைத்து, உள்ளேயிருந்து எதை எடுத்தார் என்று குறிக்காத ஸ்டோர் புத்தகத்தைக் கிராணி எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட பிஎஸ்டி யூனிக்ஸ் இதற்கு ஒரு தடை வைத்தது: ‘வீல்’ என்ற குழுவில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே, கடவுச்சொல் தெரிந்தாலும், சுவினால் ரூட்டாக மாற முடியும். வீல் என்றால் சக்கரம். அமெரிக்கப் பேச்சுவழக்கில் செல்வாக்குள்ள பெரும்புள்ளியைப் பெரிய சக்கரம் என்பார்கள், டெனெக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழியாக அச்சொல் யூனிக்ஸுக்கு வந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தந்தையான ரிச்சர்ட் ஸ்டால்மன் இத்தடையை ஏற்க மறுத்து, தமது குனு திட்டத்தின் சுவில் அதைச் சேர்க்காமலேயே விட்டார். எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் 1984-இல் சிலர் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றித் தங்களுக்குள் மறைத்துவைத்துக்கொண்டதைச் சுட்டி, அப்படிப்பட்ட நேரத்தில் பொதுமக்கள் பக்கம் நிற்கும் ஒருவர் கடவுச்சொல்லைக் கசியவிட்டால் அது பயன்பட வேண்டும் என்று அவர் கையேட்டிலேயே வாதிட்டார். தோட்டத் தொழிற்சங்க வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்த வாதத்தின் மீது ஒரு பரிவு தோன்றுவது இயல்பு. ஆயினும் கணினி நிர்வாகிகள் பெரும்பாலோர் அவர் பக்கம் போகவில்லை.

அதிகாரத்தை நிரலுக்கு இரவல் தருவதிலும் ஆபத்து இருந்தது என்பதை 1986 காட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்டில், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கணினி நேரத்துக்கான கட்டணக் கணக்கில் 75 சென்ட் துண்டு விழுந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த வானியலாளர் கிளிஃபோர்ட் ஸ்டாலிடம் அதைச் சரிபார்க்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் அந்த 75 சென்ட்டைத் துரத்திக்கொண்டு போனது மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் இருந்த மார்கஸ் ஹெஸ் என்ற ஊடுருவியிடம் முடிந்தது. ஹெஸ் ரூட் ஆன விதம் இது: பொதுக் கிடங்கில் வந்துகிடக்கும் அஞ்சலை உரியவரின் அடைவுக்கு மாற்றும் ‘மூவ்மெயில்’ என்ற சிறு நிரல், அக்கணினியில் ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும்படி நிறுவப்பட்டிருந்தது. அது, எந்தக் கோப்பை எங்கே மாற்றச் சொல்கிறார்கள் என்று விசாரிப்பதில்லை. குறித்த இடைவெளியில் கணினி தானாகவே ரூட்டாக இயக்கும் ஒரு பராமரிப்பு நிரலின் இடத்தில், அதே பெயரில் தாம் எழுதிய நிரலை மூவ்மெயில் மூலம் கொண்டுபோய் வைத்தார் ஹெஸ். அடுத்த முறை கணினி அதைத் தன்னுடையது என்று நம்பி ஓட்டியது. அவருக்கு ரூட் அதிகாரம் கிடைத்தது. பழைய நிரலை மறுபடியும் அதன் இடத்தில் வைத்துவிட்டார். காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலை நினைவூட்டும் இச்செயலின் பெயராலேயே ஸ்டால் 1989-இல் தமது நூலை வெளியிட்டார். பிடிபட்டதற்குக் காரணம் பூட்டன்று, கணக்குப் புத்தகம். யார் பெயரிலும் சேராத 75 சென்ட்.

பெயர் அழியாமல் அதிகாரத்தை இரவல் தரும் வழி, ஹெஸ் ஊடுருவுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வேறோர் இடத்தில் எழுதப்பட்டிருந்தது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில், கணினி அறிவியல் துறையின் வாக்ஸ்-11/750 கணினியில், 1980-ஐ ஒட்டிப் பாப் காகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் ‘சூடோ’ என்ற நிரலை எழுதினார்கள். சு என்பதோடு ‘செய்’ என்று பொருள்படும் ‘டூ’ சேர்ந்த பெயர் என்பதால், நேர்ப்படி அதைச் சூடூ என்றே ஒலிக்க வேண்டும். தமிழ்க் காதுக்கு அது ‘சூடு’ என்று கேட்டால் அதுவும் பொருந்தாமல் இல்லை. திருத்திய வடிவம் ஒன்று 1985 டிசம்பரில் யூஸ்நெட் வழியே பொதுவில் பரவியது. 1986-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கார்த் ஸ்னைடர் அதை மேம்படுத்தினார். 1991-இல் ஒரு நிறுவன ஒப்பந்தத்தின் பேரில் புதிதாக எழுதப்பட்டது. 1990-களின் நடுவிலிருந்து இன்றுவரை டாட் மில்லர் அதைப் பராமரித்து வருகிறார். உலகின் சேவையகங்களில் கணிசமானவை ஒரு தனிமனிதரின் முப்பதாண்டு உழைப்பின் மீது நிற்கின்றன என்பது, கணினி வரலாற்றில் அடிக்கடி காணும் விந்தைகளில் ஒன்று.

சுவுக்கும் சூடோவுக்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றும். சு, ரூட்டின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. சூடோ, கேட்பவரின் சொந்தக் கடவுச்சொல்லைக் கேட்கிறது. சு, ஆளை ரூட்டாக மாற்றி உள்ளே விட்டுவிடுகிறது. சூடோ, சொன்ன ஒரே கட்டளையை மட்டும் ரூட்டாக நிறைவேற்றிவிட்டு அவரைப் பழையபடி அவராகவே நிறுத்துகிறது. ரூட்டின் கடவுச்சொல் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அப்படி ஒன்று இல்லாமலேகூட இருக்கலாம்.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துவர அனுப்பப்பட்ட கங்காணிகளின் உரிமச்சீட்டை இங்கே ஒப்புநோக்கலாம். துரையின் நம்பிக்கையைப் பெற்ற கங்காணி, தன் ஊர்ப்பக்கம் போய் ஆள் திரட்டுவதற்கு, இன்ன தோட்டத்துக்காக இன்ன கங்காணி என்று பெயர் குறித்த உரிமம் ஒன்றை வைத்திருக்க வேண்டியிருந்தது. 1938-இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதிக்கும்வரை அம்முறை நீடித்தது. அந்தச் சீட்டைக் காட்டி அவர் தோட்டத்தின் பெயரில் ஆள் சேர்க்கலாம். அதைக் காட்டித் தோட்டத்தை விற்க முடியாது. கங்காணி முறையில் நடந்த அநியாயங்கள் வேறு கதை. சீட்டு என்ற வடிவத்தில் மட்டும், சூடோ அதையே செய்கிறது.

சூடோவின் சீட்டுகள் பொதுவாகச் ‘சூடோயர்ஸ்’ என்ற கோப்பில் இருக்கின்றன. ஒரு வரியில் நான்கு செய்திகள்: யார், எந்தக் கணினியில், யாராக, எந்தக் கட்டளையை. ‘இரவுப் பணியாளர், ஆய்வகக் கணினியில், ரூட்டாக, அச்சு வரிசையை மட்டும் துடைக்கலாம்’ என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், அதே பணியாளர் கடவுச்சொல் கோப்பைத் திறக்க முயலும்போது சூடோ மறுப்பதோடு, மறுத்ததையும் எழுதிவைக்கும். கட்டளையை வெறும் பெயரால் குறிக்காமல், அது இருக்கும் அடைவின் முழு முகவரியோடு குறிக்க வேண்டும் என்பது விதி. ஒரே பெயரில் போலி நிரல் ஒன்றைத் தன் அடைவில் வைத்துவிட்டு, நிர்வாகி அங்கே வந்து அப்பெயரைத் தட்டும்வரை காத்திருப்பது யூனிக்ஸின் மிகப் பழைய சூழ்ச்சி என்பதால் வந்த விதி அது.

இந்தக் கோப்பில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் சூடோ கோப்பு முழுவதையும் ஏற்க மறுத்துவிடக்கூடும். ரூட்டுக்குக் கடவுச்சொல்லே இல்லாத கணினியில், அப்படி நேர்ந்தால் திருத்த உள்ளே போகவும் வழியிராது. ஆகையால் அக்கோப்பைச் சாதாரணத் தொகுப்பியால் திறக்காமல் ‘விசூடோ’ என்ற துணைநிரலால் திறப்பது மரபு: அது இருவர் ஒரே நேரத்தில் திருத்தாதபடி கோப்பைப் பூட்டி, எழுதியதை இலக்கணப் பிழை பார்த்து, பிழையிருந்தால் சேமிக்காமல் திரும்பக் கேட்கும். அனுபவமுள்ள நிர்வாகிகள் அப்போதும் வேறொரு முனையத்தில் ரூட்டாக ஒரு சாளரத்தைத் திறந்தே வைத்திருந்து, புதிய வரி வேலை செய்வதைச் சோதித்த பிறகுதான் அதை மூடுவார்கள்.

சூடோ எழுதும் பதிவேட்டு வரி ஒன்றைக் கண்முன் வைத்துப் பார்த்தால் அதன் இயல்பு இன்னும் தெளிவாகும். முதலில் நாளும் மணியும், அடுத்துக் கணினியின் பெயர், அடுத்து அழைத்தவரின் பெயர். பிறகு அவர் எந்த முனையத்தில், எந்த அடைவில் நின்றிருந்தார் என்பது. பிறகு யாராக ஆனார் என்பது. கடைசியாக, அவர் இட்ட கட்டளை, சொல்லுக்குச் சொல். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் ஏற்றும் கிராணியின் கறார் அந்த வரியில் இருக்கிறது. முதன்முறை அழைப்பவருக்கு, பிறர் அந்தரங்கத்தை மதிக்கும்படியும், விசையைத் தட்டுமுன் யோசிக்கும்படியும் ஒரு சிறு உபதேசத்தைத் திரையில் காட்டுவது சூடோவின் வழக்கம். கடவுச்சொல்லைத் தவறாக இட்டால் கேலி வசனம் ஒன்றைச் சொல்லி ஏசும் வசதியும் அதில் உண்டு. நிர்வாகி விரும்பினால் அதை முடுக்கிவிடலாம். சரியாக இட்டபின், வழக்கமான அமைப்பில் ஐந்து நிமிடம், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் பதினைந்து நிமிடம், மறுபடி கேட்பதில்லை. தேநீருக்கு எழுந்து போகும்போது அந்த நிமிடங்களை முடித்துவைக்கத் தனித் தெரிவு இருக்கிறது, பயன்படுத்துவோர் குறைவு.

சீட்டு எழுதுவதில் ஏமாறுவது எளிது. ஒரு பணியாளருக்கு ஒரே ஒரு கோப்பைத் திருத்த அனுமதி தருவதாக எண்ணி, விஐ என்ற தொகுப்பியை ரூட்டாக இயக்கும் உரிமையை எழுதிவிட்டால், அவர் தொகுப்பியின் உள்ளிருந்தபடியே ஒரு வியப்புக்குறியைத் தட்டி வேறு எந்தக் கட்டளையையும் இயக்கலாம். தொகுப்பி ரூட்டாக ஓடுவதால் அந்தக் கட்டளையும் ரூட்டாகவே ஓடும், பதிவேட்டிலோ விஐ என்ற ஒரு சொல்லே இருக்கும். இதற்கென்றே ‘சூடோஎடிட்’ என்ற வழி பின்னர் வந்தது: அது கோப்பின் நகலை எடுத்து, பணியாளரின் சொந்த அதிகாரத்திலேயே திருத்தவைத்து, முடித்தபின் தானே உரிய இடத்தில் வைக்கிறது. எல்லாக் கட்டளைக்கும் அனுமதி தந்துவிட்டு இன்னின்னது மட்டும் கூடாது என்று விலக்குவதும் இத்தகைய ஏமாற்றமே. விலக்கிய நிரலை வேறு பெயரில் நகலெடுத்து இயக்கினால் விலக்கு செல்லாது.

சீட்டு கொடுக்கும் நிரலிலேயே ஓட்டை இருந்ததும் உண்டு. 2019 அக்டோபரில் வெளிவந்த ஒன்று, பிழைகளின் வரலாற்றில் தனி அழகு உடையது. ‘ரூட் தவிர வேறு எவராகவும் இயக்கலாம்’ என்று சீட்டு பெற்ற ஒருவர், பயனர் எண்ணாகக் குறை ஒன்று, அதாவது -1, என்று கொடுத்தால் என்ன ஆகும்? சூடோ, -1 சுழியன்று என்று கண்டு அனுமதித்தது. பிறகு கருநிரலிடம் எண்ணை -1 ஆக மாற்றச் சொன்னது. கருநிரலின் மொழியிலோ -1 என்றால் ‘இருப்பதை மாற்றாதே’ என்று பொருள். சூடோ அந்நேரத்தில் ரூட்டாக ஓடிக்கொண்டிருந்ததால், கட்டளையும் ரூட்டாகவே ஓடியது. இதைக் கண்டறிந்தவர் ஆப்பிள் நிறுவனத்தின் ஜோ வென்னிக்ஸ். அப்படி ஒரு சீட்டு எழுதப்பட்ட கணினிகள் மிகக் குறைவு என்பதால் சேதம் பெரிதாக இல்லை. ஆனால் 2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தார் அறிவித்த ஓட்டை அப்படிப்பட்டதன்று: சூடோயர்ஸ் கோப்பில் பெயரே இல்லாத, கடவுச்சொல் எதையும் தராத சாதாரணப் பயனரும் அதன் வழியே ரூட் ஆக முடிந்தது, பின்சாய்வுக் கோட்டில் முடியும் ஒரு சொல்லைக் கையாள்வதில் நேர்ந்த அக்குறை, 2011 ஜூலையிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

இவ்வாறு அடிபட்டும் சூடோ பின்வாங்கவில்லை. 2004 அக்டோபரில் வந்த முதல் உபுண்டு, ரூட்டின் கடவுச்சொல்லையே பூட்டிவிட்டு, நிறுவும்போது உருவாகும் முதல் பயனருக்குச் சூடோவை மட்டும் தந்தது. ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ் அதற்கு மூன்றாண்டு முன்பே இவ்வழியில் நடந்திருந்தது. அதே 2004-இல் மலேசியப் பொதுத்துறையில் திறமூல மென்பொருளைப் பரப்பும் பெருந்திட்டத்தை மாம்பு என்ற நிர்வாக நவீனமயத் துறை அறிவித்தது.

தோட்டப்புறப் பிள்ளைகளின் கையில் யூனிக்ஸ் வழிவந்த கருவி வந்ததோ வேறொரு வாசல் வழியாக. ‘1பெஸ்தாரிநெட்’ திட்டத்தில் நாடெங்கும் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய இணைப்பு தரும் ஏற்பாட்டோடு, 2013-இல் குரோம்புக் மடிக்கணினிகளும் பள்ளிகளுக்குள் நுழைந்தன. குரோம்புக்கின் அடியில் ஓடுவது லினக்ஸ். ஆனால் அதில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் ரூட் இல்லை, சூடோவும் இல்லை. உருவாக்குநர் நிலைக்கு மாற்றினால் ரூட் கிடைக்கும். மாற்றும்போதே கருவியில் இருந்த கோப்புகள் அத்தனையும் துடைக்கப்படும். பள்ளியின் மேலாண்மையில் உள்ள கருவியில் அந்த வழியையும் அடைத்துவிடலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் இதே நிலைமை: ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பயனர் எண் கொடுத்து ஒன்று மற்றொன்றின் கோப்பைப் பார்க்காதபடி பிரித்துவைத்திருக்கிறார்கள். கைப்பேசிக் கடைகளில் ‘ரூட் பண்ணுவது’ என்று சொல்லப்படும் வேலை, மூடப்பட்ட சுழியாம் எண்ணை மறுபடி திறந்துவிடுவதுதான்; திறந்தபின் அந்தப் பிரிவினை செல்லாது என்பதாலேயே வங்கிச் செயலிகள் பல அத்தகைய கைப்பேசியில் ஓட மறுக்கின்றன. சாவியைப் பொதுவில் வைப்பதா, சீட்டு எழுதுவதா என்ற பழைய வழக்கில், சாவியைத் தயாரிப்பாளரே வைத்துக்கொள்வது என்ற மூன்றாவது தீர்ப்பு இது. வாங்கிய பொருளுக்கு உடைமையாளர் யார் என்ற கேள்வியை அது எழுப்புகிறது. ஸ்டால்மன் 1984-இல் அஞ்சியது ஒருவேளை இதைத்தானோ என்னவோ.

சூடோவே அளவுக்கு மீறிப் பருத்துவிட்டது என்று கருதியவர்களும் உண்டு. ஓபன்பிஎஸ்டியின் டெட் உனாங்ஸ்ட், சில வரி அமைப்புக் கோப்போடு நிற்கும் ‘டூஆஸ்’ என்ற சிறு மாற்றை எழுத, அது 2015 அக்டோபரில் அந்த இயங்குதளத்தோடு வந்தது. 2024-இல் வந்த ‘ரன்ஜீரோ’ ரிச்சியின் செட்-யூசர்-ஐடி குறியையே கைவிட்டு, ஏற்கெனவே ரூட்டாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேவையிடம் வேலையைச் சொல்லிச் செய்விக்கிறது. நினைவகத்தைப் பிழையாகத் தொட விடாத ரஸ்ட் மொழியில் சூடோவைப் புதிதாக எழுதிய வடிவத்தை 2025 அக்டோபரின் உபுண்டு இயல்பான தெரிவாக ஏற்றது.

இவற்றுள் எதுவும் தீர்க்காத ஒரு சிக்கல், இங்கே சொன்ன காலத்தின் முற்பகுதி முழுவதும் கம்பியிலேயே கிடந்தது. 1990-களின் தொடக்கத்தில், கோலாலம்பூரிலிருந்தோ வேறெங்கிருந்தோ தொலைவில் உள்ள யூனிக்ஸ் கணினிக்குள் நுழைய டெல்நெட் என்ற நிரலைப் பயன்படுத்தியவர் தட்டிய கடவுச்சொல் ஒவ்வோர் எழுத்தாக, மறைப்பு ஏதுமின்றி, வழியில் உள்ள ஒவ்வொரு கணினியையும் கடந்துதான் போய்ச் சேர்ந்தது. சூடோவிடம் சொன்ன கடவுச்சொல்லும் அப்படியே. 1995-இல் பின்லாந்தின் எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவ்வாறு ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்கள் திருடப்பட்டபின், அங்கிருந்த தாத்து யுலோனன் எழுதிய ‘எஸ்எஸ்எச்’ அடுத்த பகுதியில்.